தைராய்டு மாத்திரையும் ஆறு டப்பாக்களும்

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. நான்கு வருடங்களாகத் தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். பரிசோதித்தால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) நார்மல் என்றே வருகிறது. ஆனால் ஒரு வருடமாகத் தீராத அசதி. மதியம் மூன்று மணிக்கு மேல் கணினித் திரையைப் பார்க்கவே முடிவதில்லை. முடியும் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. கைப்பேசி விளம்பரங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கி இப்போது ஆறு ஆகிவிட்டன. காலையில் மாத்திரை போட்டதும் முருங்கைப் பொடி கலந்த வெந்நீர், அதிலேயே சியா விதை, உடனே காபி. அலுவலகத்தில் ஸ்பைருலினா இரண்டு, முடிக்கு ஒரு பயோட்டின். மதியம் மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்சூல். இரவு பாலோடு அசுவகந்தா இரண்டு. மாதம் 4,200 ரூபாய் ஆகிறது. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை, அசதி போகவில்லை. மூலனூரில் இருக்கும் மாமியார், "இதெல்லாம் எதற்கு, கேழ்வரகுக் கூழ் குடி" என்கிறார். அடாப்டோஜன், சூப்பர்ஃபுட் என்கிறார்களே, இவற்றில் எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம்? மற்றபடி வேறு தொந்தரவு இல்லை. மாதவிலக்கு மட்டும் ஏழெட்டு நாள் நீடிக்கிறது. போன வருடம் நிறுவனத்தில் நடந்த முகாமில் ஹீமோகுளோபின் 10.8 என்றார்கள். (பெயர் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் முக்கியமான வரியை "மற்றபடி" என்று தொடங்கிக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். மருத்துவமனை உணவியல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்ததில் நான் கற்றது ஒன்று உண்டு. எழுந்து கதவு வரை போய்விட்டு, திரும்பி நின்று, "அப்புறம் மேடம், இன்னொன்று" என்று சொல்வார்கள் பாருங்கள், அதற்காகத்தான் அவர்கள் வந்திருப்பார்கள். உங்கள் கடிதத்திலும் ஆறு டப்பாக்களை விட அந்தக் கடைசி மூன்று வரிகள்தான் எனக்கு வேலை கொடுக்கின்றன.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. உங்களுக்கு 10.8. முகாமில் "கொஞ்சம் குறைவு, கீரை சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிப் பேருக்கு மேல் இருப்பதாலேயே அது யாருக்கும் நோயாகத் தெரிவதில்லை. மாதந்தோறும் ஏழெட்டு நாள் ரத்தம் போனால் இரும்புச்சத்து வரவைவிடச் செலவு அதிகமாகிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மூன்று மணி அசதிக்கும் உதிரும் முடிக்கும் இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் மாதவிலக்கு ஏன் நீள்கிறது? கர்ப்பப்பையில் கட்டி உட்படப் பல காரணங்கள் இருக்கலாம், அதை மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் தைராய்டு குறைவும் உண்டு. நீங்கள் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சரி. அந்த மாத்திரை உடம்பில் சேர்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நீங்கள் சாப்பிடும் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் மிகவும் நுணுக்கமானது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. காபி அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கால்சியமும் இரும்பும் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றை மாத்திரைகளாகச் சாப்பிட்டால் நான்கு மணி நேர இடைவெளி கேட்கும். நார்ச்சத்து மிகுந்தவையும் குறுக்கே நிற்கும். நீங்களோ மாத்திரை போட்ட கையோடு கால்சியமும் இரும்பும் உள்ள முருங்கைப் பொடி, வழவழவென்று ஊறி நார்ச்சத்துக் கூழாக மாறும் சியா, அதன் மேல் பால் விட்ட காபி என்று ஊற்றுகிறீர்கள். 75 மைக்ரோகிராமில் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

"டி.எஸ்.எச். நார்மல் என்றுதானே வருகிறது" என்பீர்கள். அங்கேதான் பயோட்டின் வருகிறது. முடிக்காக விற்கப்படும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையில் அன்றாடத் தேவையைப் போல நூறு மடங்குக்கு மேல்கூட இருப்பதுண்டு. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே பயோட்டின் ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும் என்று எச்சரித்தது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும். அப்படி ஏறியிருக்க வேண்டிய எண் நார்மலாகத் தெரியலாம். இதற்கு மேல் அசுவகந்தா வேறு. அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது என்பதற்குச் சிறிய ஆய்வுகளும், அதனால் தைராய்டு மிகையாகிப் படபடப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிய பதிவுகளும் உண்டு. காபி குறைக்கிறது, அசுவகந்தா கூட்டுகிறது, பயோட்டின் அளவுகோலையே வளைக்கிறது. மூன்று பேர் தனித்தனியாக உப்புப் போட்ட குழம்பை ருசி பார்த்து, யார் கூடப் போட்டார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அடாப்டோஜன் என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ பழைய ஓலைச்சுவடியிலிருந்து எடுத்தது போலத் தோன்றும். உண்மையில் அது 1947இல் நிகோலாய் லாசரேவ் என்ற சோவியத் அறிவியலாளர் உருவாக்கிய சொல். அப்போது அவர் கையில் இருந்தது மூலிகைகூட இல்லை, டிபசோல் என்ற செயற்கை வேதிப்பொருள். அவருக்குப் பின்னால் வந்த இஸ்ரேல் பிரெக்மன் ஜின்செங், சைபீரிய ஜின்செங் போன்ற செடிகளின் பக்கம் திருப்பினார். உடம்புக்குக் கெடுதல் செய்யாமல், எந்த வகை நெருக்கடியையும் தாங்கும் ஆற்றலைக் கூட்டி, ஏறியதை இறக்கி இறங்கியதை ஏற்றிச் சமநிலைக்குக் கொண்டுவரும் பொருள் என்பது 1969இல் பிரெக்மன் தன் சகாவோடு வகுத்த இலக்கணம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி, மருந்து வேலை செய்கிறது என்று சொல்லிவிடக்கூடிய இலக்கணத்தை எப்படிப் பரிசோதித்துத் தோற்கடிப்பது? ஐரோப்பிய மருந்துகள் முகமை 2008இல் இதை ஆராய்ந்து, மருந்தியலில் ஏற்கத்தக்க சொல்லாக இது இன்னும் ஆகவில்லை என்று எழுதிவிட்டது. டப்பாவில் அந்தச் சொல்லைப் பார்த்தால் அது ஒரு நம்பிக்கையின் பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செடிகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அசுவகந்தா நமக்கு அமுக்கராவாகத் தெரிந்த பழைய கிழங்குதான். நாட்டு மருந்துக்கடையில் "அமுக்கரா" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மன அழுத்தம் உள்ளவர்களுக்கு எட்டு வாரம் போலக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பதற்றம் ஓரளவு தணிந்ததும், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்ததும், தூக்கம் சற்றுக் கூடியதும் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் அறுபது, எழுபது பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள் அவை. உங்கள் தூக்கம் பரவாயில்லை என்று எழுதியதை நான் நம்புகிறேன்.

சித்த மருத்துவத்தில் அமுக்கராவைப் பாலில் பிட்டவியலாக அவித்துச் சுத்தி செய்து, சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு என்று கூட்டுச் சரக்குகளோடு சூரணமாக்கிக் கொடுப்பார்கள். யாருக்கு, எந்த அனுபானத்தில் (பால், தேன் போன்ற துணைப்பொருளில்), எத்தனை நாள், என்ன பத்தியம் என்பதெல்லாம் அந்த மருந்தின் பகுதி. ஒரு மண்டலம் என்றால் ஒரு மண்டலம்தான். கைப்பேசி விளம்பரம் பாலை மட்டும் வைத்துக்கொண்டு பத்தியத்தையும் கால அளவையும் வசதியாக விட்டுவிட்டது. இரண்டு வருடம் தினமும் சாப்பிடச் சொல்லும் சித்த மருத்துவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கேப்சூலுக்குள் இருப்பது கிழங்குப் பொடியாக இல்லாமல் செறிவூட்டிய சாறாக இருக்கலாம். கிழங்குதானா என்பதும் கேள்வி. விலை மலிவான இலையைச் சேர்ப்பது நடக்கிறது என்பதால்தான் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் அறிவுறுத்தியது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தா சாப்பிட்டு மஞ்சள்காமாலையோடு வந்த ஐந்து பேரைப் பற்றி 2020இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பின்னர் இந்தியாவிலிருந்தும் அப்படிப் பதிவுகள் வந்தன. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. கோடிக்கணக்கானோர் சாப்பிடுவதில் கல்லீரல் பாதிப்பு அரிதுதான், பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடும் ஒருவர், மருத்துவருக்குத் தெரியாமல் அதைச் சாப்பிடக் கூடாது. இன்று இரவிலிருந்து நிறுத்துங்கள். கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறத்தில் சிறுநீர், காரணமில்லாத அரிப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை மேலே படிக்காமல் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

மஞ்சள் கேப்சூலையும் அதோடு சேர்த்து நிறுத்திவிடலாம். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் சுலபமாக உறிஞ்சப்படுவதில்லை. அதனால்தான் நம் பாட்டிகள் கரண்டி கரண்டியாகப் போட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெங்களூரில் 1998இல் நடந்த ஓர் ஆய்வில், மிளகின் பைப்பரினைச் சேர்த்தபோது ரத்தத்தில் சேரும் குர்குமின் இருபது மடங்கு கூடியது. வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். செறிவான குர்குமினும் பைப்பரினும் சேர்ந்த கேப்சூல்களால் கல்லீரல் வீங்கியவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். குடலின் கதவைத் திறந்துவிட்டால் குர்குமின் மட்டும் உள்ளே நுழைவதில்லை, நீங்கள் சாப்பிடும் பிற மருந்துகளின் அளவும் மாறலாம்.

முருங்கைப் பொடிக்கு வருவோம். நானும் ரசித்துச் செய்யும் கணக்கு இது. "பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம்" என்று உங்கள் டப்பாவிலும் அச்சிட்டிருப்பார்கள். பொய்யில்லை. நூறு கிராம் உலர்ந்த முருங்கைப் பொடியில் சுமார் 2,000 மில்லிகிராம் கால்சியம் உண்டு, நூறு மில்லி பாலில் 120. வகுத்தால் பதினேழு வரும். ஆனால் நூறு கிராம் முருங்கைப் பொடியை ஒருவேளையில் தின்றவர் யார்? நீங்கள் கலக்கும் ஒரு தேக்கரண்டி மூன்று கிராம் இருக்கும். அதில் கால்சியம் 60 மில்லிகிராம், அதாவது அரை டம்ளருக்கும் குறைவான பாலில் இருப்பது. இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. உங்கள் ஒரு நாள் தேவையாகத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்னது 29 மில்லிகிராம். இன்னொன்றும் கவனியுங்கள். இலையிலிருந்து தண்ணீரை நீக்கிவிட்டுப் பாலைத் தண்ணீரோடு வைத்து ஒப்பிடுகிறார்கள். பாலையும் உலர்த்திப் பால்பவுடராக்கி எதிரே வைத்தால் அந்தப் பதினேழு இரண்டாகச் சுருங்கிவிடும்.

கீரையாகச் சமைத்தால் கதை வேறு. ஒருவருக்குத் தாராளமாக நூறு கிராம் இலை போட்டுப் பொரியல் செய்தால் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், நான்கரை மில்லிகிராம் இரும்பும், ஆறு கிராம் புரதமும் கிடைக்கும். உங்கள் மாமியாரின் மூலனூர் எதற்குப் பேர்போனது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த ஊர் முருங்கை லாரி லாரியாக வெளியூர் போகிறது, மருமகள் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு டப்பாவில் வரவழைக்கிறார். இதை நான் அவரிடம் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.

ஸ்பைருலினா என்ற பாசியை ஒரு வரியில் முடித்துவிடலாம். அறுபது விழுக்காடு புரதம் என்பது சரிதான், ஆனால் அரை கிராம் மாத்திரை இரண்டில் கிடைப்பது அரை கிராமுக்குச் சற்று மேல். ஒரு முட்டையின் புரதத்துக்கு இருபது மாத்திரை விழுங்க வேண்டும். சைவர்களுக்கு பி12 தரும் என்று விற்பதையும் நம்பாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12. சூப்பர்ஃபுட் என்ற சொல்லுக்கு மருத்துவ அர்த்தம் எதுவும் கிடையாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் தக்க சான்று காட்டாமல் அதை லேபிளில் போட முடியாது. முதன்முதலில் அப்படிக் கொண்டாடப்பட்டது எது தெரியுமா? முதல் உலகப்போர் காலத்தில் யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற வாழைப்பழம். நம் வீட்டில் தாம்பூலத் தட்டில் வைத்து, கறுத்த பிறகு மாட்டுக்குப் போடுகிறோம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாத்திரையை எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் போடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துக் காபி. அசுவகந்தா, மஞ்சள், பயோட்டின் மூன்றும் நிறுத்தம். இந்த வாரமே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் கல்லீரல் பரிசோதனையும் பி12ம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பின் சேமிப்புக் கணக்கு, ஹீமோகுளோபின் கையிருப்பு. சேமிப்பு கரைந்த பிறகுதான் கையிருப்பு குறையத் தொடங்கும். டி.எஸ்.எச்.சை இப்போது பார்த்தால் பழைய குழப்பமே வரும். மாத்திரையை ஒழுங்காக ஆறு வாரம் சாப்பிட்ட பிறகு, பயோட்டின் இல்லாத ரத்தத்தில் பாருங்கள். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆறு டப்பாக்களின் லேபிள்களையும் படம் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், மறைப்பதைவிட அது நல்லது. மகப்பேறு மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரை தருவார்கள். சாப்பிடுங்கள். உணவியல் படித்தவள் இதைச் சொல்வதில் எனக்குப் பெருமையில்லை, ஆனால் 10.8ஐக் கீரையால் மட்டும் தூக்கி நிறுத்துவது நடக்காத காரியம். கீரை, மீண்டும் இறங்காமல் பிடித்துக்கொள்ளும். இரும்பு மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட மறக்காதீர்கள். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் ஒருமுறை ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி (மண்ணீரல்). கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால்தான் சுவரொட்டி கிடைக்கும். சைவம் என்றால் சுண்டலும் கீரையும், மேலே எலுமிச்சை பிழிந்து. வைட்டமின் சி கூட இருந்தால் செடி தரும் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பாடு முடிந்த கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு வீண். மூன்று மணி அசதிக்கு என்ன குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நான்கு மணிக் காபியாக இருந்தால், அதில் பாதி இரவு ஒன்பது மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அசுவகந்தாவை நிறுத்தியபின் தூக்கம் கலைந்தால் முதலில் அந்தக் காபியைச் சந்தேகியுங்கள்.

மாமியாரின் கூழ் கால்சியத்துக்கு உத்தமம். நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம், அதுவும் ஸ்பூன் கணக்கில்லாமல் வயிறு நிறையச் சாப்பிடும் உணவு. இரவே புளிக்கவைத்துக் காய்ச்சும் அவர் முறையில் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டும் குறைகிறது. "போதும்" என்று அவர் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கூழையும் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்தே குடியுங்கள்.

மிச்சமிருக்கும் சியாவைத் தூக்கி எறியாதீர்கள். சாயங்காலம் நன்றாக ஊறவைத்து எலுமிச்சைச் சாற்றில் போடலாம். தீர்ந்தபின் சப்ஜா விதை வாங்கினால் விலை குறைவு. முருங்கைப் பொடியை இட்லிப் பொடியில் கலந்துவிடுங்கள், குழந்தைகளுக்குத் தெரியாது. இனி கீரையாக வேண்டுமென்று மூலனூருக்குச் சொல்லுங்கள், பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். "உருவ நேரமில்லை" என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். கொத்தை அப்படியே பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி இரவு ஒரு மூலையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்து கிடக்கும்.